அடித்துவிட்ட குளோரைடு

அந்த வீட்டில் நாலு நாளாகப் பேச்சு முழுக்க ஒரே பக்கத்திலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. பேசியவள் பள்ளிக்கூடத்தில் வேதியியல் டீச்சர். வாங்கிக் கட்டிக்கொண்டவர் அவளுடைய கணவர். நகராட்சி நீச்சல் குளத்தில் தண்ணீரைச் சுத்தப்படுத்தும் அறை அவர் பொறுப்பு. பம்ப்காரர் வீடு எது என்று கேட்டால்தான் தெருவில் வழி சொல்வார்கள்.

“ஆசிட்டையும் குளோரின் மருந்தையும் ஒண்ணாக் கலக்கக்கூடாதுன்னு எட்டாவது படிக்கிற பிள்ளைக்குத் தெரியும். சுவத்துல இத்தாம்பெரிய போர்டு தொங்குது. உங்க கண்ணு எங்க போச்சு?”

பம்ப்காரர் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். மறுநாள் விசாரணைக்குப் போட்டுக்கொள்ள வேண்டிய சட்டை. ஊசியில் நூல் கோத்துக் கொடுக்கக்கூட அவளுக்கு மனம் வரவில்லை. அவர் நூல் முனையை நாக்கில் நனைத்து, ஒற்றைக் கண்ணை மூடி, ஐந்தாவது தடவையாகக் குறி பார்த்தார்.

“போர்டைப் பாத்தேன்,” என்றார்.

“பாத்துட்டுமா ஊத்துனீங்க?”

அவர் ஆறாவது தடவையாக நூலை ஊசிக்கு நீட்டினார். எது கேட்டாலும் இதே கதைதான். கல்லைப் போல உட்கார்ந்திருக்கும் ஆளிடம் கத்திக் கத்தி அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. தொண்டை என்றதும் குளத்து மைக் அக்காவின் நினைவு வந்து, கோபம் இன்னும் ஒரு படி ஏறியது.

நடந்தது இதுதான். சனிக்கிழமை காலை பதினோரு மணி, குளம் நிறையக் கூட்டம். பம்ப் அறையில் இரண்டு டிரம்கள் உண்டு. ஒன்றில் கிருமியைக் கொல்லும் சோடியம் ஹைப்போகுளோரைட், இன்னொன்றில் அந்த மருந்தைச் சரியாக வேலை செய்ய வைக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலம். இரண்டும் தனித்தனிக் குழாயில், தனித்தனி பம்பில், தண்ணீரைப் போய்ச் சேரும். அன்றைக்கு இந்த மனிதர் அமிலத்தை ஒரு ஜக்கில் பிடித்து ஹைப்போகுளோரைட் டிரம்முக்குள்ளேயே ஊற்றினார். இரண்டாவது ஜக் ஊற்றும்போதே மஞ்சளும் பச்சையுமாகப் புகை கிளம்பியது. அவர் பின்கதவு வழியாக வெளியே விழுந்து, செடிகளுக்கு நடுவில் கிடந்து இருமினார்.

டிக்கெட் கவுண்டரில் ஒரு பெண் இருக்கிறாள். “ஆழமான பக்கத்துல சின்னப் பிள்ளைங்க போகாதீங்க, நீலத் தொப்பி தம்பி, உன்னைத்தான்” என்று நாள் முழுக்க மைக்கில் அதட்டுவது அவள்தான். சிறிசு பெரிசு எல்லோருக்கும் அவள் மைக் அக்கா. இருமல் சத்தம் கேட்டு, பம்ப்காரர் உள்ளே மாட்டிக்கொண்டார் என்று நினைத்து முன்கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். உள்ளே ஆள் இல்லை, புகைதான் இருந்தது. டிரம்முக்குப் பின்னால் விழுந்து கிடக்கிறாரோ என்று குனிந்தும் பார்த்திருக்கிறாள். ஆஸ்பத்திரியில் மூன்று நாள் வைத்திருந்தார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை, குரல்தான் போய்விட்டது. திரும்பி வருமா என்று கேட்டால் டாக்டர் பார்க்கலாம் என்கிறார். எப்போது பார்க்கலாம் என்று சொல்வதில்லை.

நகராட்சியிலிருந்து வந்த உறையில் இரண்டு காகிதம் இருந்தது. ஒன்று, வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணைக்கு வரச்சொல்லி. துணைக்கு ஒருவரைக் கூட்டிவரலாம் என்று அடியில் ஒரு வரி. இன்னொன்று, அவர் கையெழுத்துப் போட வேண்டிய வாக்குமூலம். அதை அவர் சொல்லாமலேயே யாரோ தட்டச்சு செய்திருந்தார்கள். “அமில பம்ப் நல்ல நிலையில் இயங்கிக்கொண்டிருந்தபோதும், வேலையைச் சீக்கிரம் முடிக்கும் சோம்பலினால் இவ்வாறு செய்தேன்.” இதில் கையெழுத்து விழுந்தால் ஆபரேட்டர் சான்றிதழ் நிரந்தரமாக ரத்து. இனி எந்த ஊர்க் குளத்திலும், எந்தத் தண்ணீர்த் தொட்டியிலும் அவரைச் சேர்க்க மாட்டார்கள். இருபது வருஷம் பார்த்த வேலை அது. வேறு வேலை அவருக்குத் தெரியாது.

“பம்ப் ஓடிச்சா?” என்று கேட்டாள்.

“எங்க ஓடிச்சு? போன புதன்கிழமையே நின்னுபோச்சு.”

“அப்புறம் இதுல என்னத்தை எழுதி வச்சிருக்காங்க? மேனேஜர்கிட்ட சொன்னீங்களா இல்லையா?”

“ரெண்டு தடவை சொன்னேன். லாக்புக்குலயும் எழுதினேன். இப்ப லாக்புக்கைக் காணோங்கிறார்.”

“அதை நாளைக்குச் சொல்லுங்க.”

“எழுத்துல ஏதாவது இருந்தாக் கொண்டாங்கிறாங்க. எங்கிட்ட ஒண்ணுமில்ல.” நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். “விடு. கையெழுத்தைப் போட்டுட்டு வந்துடறேன்.”

நாலு நாளில் அவர் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான்.

சான்றிதழின் நகல் ஒன்றும் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். சான்றிதழ் கூடத்தில், டிவிக்கு மேலே, சட்டம் போட்டு மாட்டியிருந்தது. கல்யாணப் போட்டோவுக்குக்கூட அந்த இடம் கிடைக்கவில்லை. அதற்கு ஒரு கதை உண்டு.

பம்ப்காரர் பத்தாவதோடு படிப்பை விட்டவர். போன வருஷம், சான்றிதழ் இல்லாதவர் பம்ப் அறைக்குள் நிற்கக்கூடாது என்று புது விதி வந்தது. பரீட்சையில் வேதியியல் உண்டு என்றதும் மனிதர் விண்ணப்பத்தை மடித்து வைத்துவிட்டார். வீட்டிலேயே டீச்சர் இருக்கும்போது என்ன பயம் என்று அவள்தான் சாப்பாட்டு மேசையில் உட்கார வைத்தாள். அயனிச் சமன்பாடு எழுதுவதில் அவள் கெட்டிக்காரி. முதலில் எல்லாவற்றையும் முழுசாக எழுத வேண்டும். தண்ணீரில் கரைந்து பிரிவதையெல்லாம் பிரித்து, நேர்மின்சுமை எதிர்மின்சுமையோடு அயனிகளாகப் போட வேண்டும். பிறகு இரண்டு பக்கமும் மாறாமல் அப்படியே நிற்பவற்றை அடித்துவிட வேண்டும். மிஞ்சுவதுதான் நிகர அயனிச் சமன்பாடு, உண்மையில் நடந்த காரியம். பள்ளிக்கூடத்தில் அந்தப் பாடம் நடந்தால் பக்கத்து வகுப்புக்கும் கேட்கும்.

“சோடியம் இந்தப் பக்கமும் இருக்கு, அந்தப் பக்கமும் இருக்கு. என்ன பண்ணணும்?”

“வெட்டணும்!”

“குளோரைடு?”

“வெட்டணும்!”

“ரெண்டும் பராக்குப் பாக்க வந்த கூட்டம். கண்ணை மூடிக்கிட்டு வெட்டுங்க.”

பிள்ளைகள் அவளுக்கு வெட்டு டீச்சர் என்றே பேர் வைத்திருந்தார்கள். அது அவளுக்குத் தெரியும், உள்ளுக்குள் பெருமையும்கூட. பம்ப்காரரும் வெட்டக் கற்றுக்கொண்டார். குளிக்கும்போது உள்ளேயிருந்து “வெட்டு” என்று சத்தம் வரும். முதல் தடவையிலேயே தேறினார். அதற்கப்புறமும் படிப்பை விடவில்லை. குளத்தில் என்ன நடந்தாலும் அதைச் சமன்பாடாக எழுதிப் பார்த்து, நோட்டை அவளிடம் நீட்டுவார். திடீரென்று ஒரு மொழி புரிய ஆரம்பித்தவரின் சந்தோஷம் அவர் முகத்தில் இருக்கும். அவளுக்கு அது பிடித்துத்தான் இருந்தது. நேரம்தான் இல்லை.

நாற்காலி போட்டு ஏறி, சட்டத்தை இறக்கி, முதுகுப்பக்க அட்டையைக் கழற்றினாள். சான்றிதழுக்கும் அட்டைக்கும் நடுவிலிருந்து நாலாக மடித்த நோட்டுத்தாள் ஒன்று கீழே விழுந்தது. பிரித்தாள்.

மேலே அவருடைய குண்டு குண்டான கையெழுத்து. வெள்ளிக்கிழமையின் தேதி. “அமில பம்ப் நின்று மூன்றாம் நாள். மேனேஜரிடம் இரண்டு தடவை சொல்லியாச்சு. தண்ணீர் கலங்கல். ஹைப்போ பம்ப் ஒன்றுதான் ஓடுகிறது. இரண்டையும் ஒரே டிரம்மில் விட்டால்?”

அதற்குக் கீழே கொஞ்சம் இடம் விட்டு:

Na⁺ + OCl⁻ + H⁺ + Cl⁻ → Na⁺ + Cl⁻ + HOCl

சோடியம் இரண்டு பக்கமும் அடித்திருந்தது. குளோரைடும் அப்படியே. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தார்.

OCl⁻ + H⁺ → HOCl

அதன் பக்கத்தில் சிவப்பு மையில் பெரிய டிக். “சபாஷ்!” என்று ஒரு வார்த்தை. அதற்கடியில், எந்தத் தாளைத் திருத்தினாலும் போடுவதைப் போல, அவளுடைய சுருக்கக் கையெழுத்தும் தேதியும்.

அவள் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை துண்டு துண்டாகத் திரும்பி வந்தது. மேசை நிறையப் பரீட்சைத் தாள். ஆறின டீ. எட்டேகாலுக்குப் பஸ். அவர் பக்கத்தில் வந்து, பையன்கள் நிற்பதைப் போலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“டீச்சரம்மா, இதைக் கொஞ்சம் பாத்துக் குடேன்.”

அவள் தலையைத் தூக்காமலே வாங்கினாள். ஆக்சிஜன் ஒன்றுக்கு ஒன்று. ஹைட்ரஜன் ஒன்றுக்கு ஒன்று. குளோரின் சரி. மின்சுமை இடது பக்கம் ஒரு மைனஸ், ஒரு பிளஸ், பூஜ்யம். வலது பக்கமும் பூஜ்யம்.

“இதுல வேற எதுவும் மிச்சம் வராதே?”

“எங்கேருந்து வரும்? அதான் எல்லாத்தையும் வெட்டியாச்சே.”

டிக் போட்டாள். மேலே எழுதியிருந்ததை அவள் படிக்கவேயில்லை. சமன்பாடு எங்கே இருக்கிறதோ அங்கே மட்டும்தான் அவள் கண் போகும். முப்பது தாள் மிச்சமிருந்த காலையில் மற்றதெல்லாம் எதற்கு?

அந்தச் சமன்பாட்டில் பிழை கிடையாது. குளத்துத் தண்ணீரைப் போல எல்லாம் நீர்த்துக் கிடக்கிற இடத்தில் அப்படித்தான் நடக்கும். குளோரைடு தன்பாட்டுக்கு ஒதுங்கி நிற்கும். ஆனால் டிரம்முக்குள் இரண்டும் கெட்டியாக இருக்கும்போது அது ஒதுங்கி நிற்பதில்லை. அதுவும் உள்ளே இறங்கி வேலை செய்யும். குளோரின் வாயுவாகக் கிளம்பும். இது அவளுக்குத் தெரியும். பல்கலைக்கழகத்தில் படித்திருக்கிறாள். டிரம் என்ற ஒரு சொல் காதில் விழுந்திருந்தால் அந்த இடத்திலேயே நோட்டைப் பிடுங்கியிருப்பாள்.

நாலு நாளாகத் திட்டிய ஒவ்வொரு வார்த்தையும் இப்போது அவள் பக்கமே திரும்பி வந்தது. எட்டாவது படிக்கிற பிள்ளை. கண்ணு எங்க போச்சு. வெட்கத்தில் அவளுக்குக் காது சுட்டது.

அவர் பால்கனியில் சட்டையை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். தாளை நீட்டினாள். பார்த்ததும் அவர் முகம் மாறியது.

“இதை எதுக்கு எடுத்த?”

“எதுக்கு ஒளிச்சு வச்சீங்க?”

“ஒளிக்கல. வெள்ளிக்கிழமையே வச்சேன்.” கொஞ்சம் தயங்கினார். “நீ சபாஷ் போட்ட தாளு அது ஒண்ணுதான். மத்ததுக்கெல்லாம் வெறும் டிக்குதான் போட்டிருப்ப.”

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் அவர் சமாதானப்படுத்த வருவார், அதற்கும் அவளுக்குத் தகுதியில்லை என்று பட்டது. கொடியில் இருந்த சட்டையின் கையை இழுத்து இழுத்து நேராக்கினாள்.

“போர்டை நல்லாத்தான் பாத்தேன்,” என்றார் அவர். “கலக்காதேன்னு எழுதியிருந்தான், ஏன்னு எழுதல. அது சமன்பாடு தெரியாதவங்களுக்கு வச்ச போர்டுன்னு நெனச்சுட்டேன். எனக்குத்தான் தெரியுமே. கிருமியைக் கொல்றதே அந்த HOCl தான், ஆசிட் சேந்தா அது இன்னும் கூடும், வேற எதுவும் வராது. டீச்சர் பாத்து டிக் போட்டிருக்கா. அப்புறம் என்ன?”

“நாலு நாளா நான் கத்தினப்போ இதை ஏன் சொல்லல?”

“சொல்லி? அங்க கேப்பாங்க, யாரு சொல்லிக்குடுத்தான்னு. உன் பேரை இழுப்பாங்க. பள்ளிக்கூடம் வரைக்கும் போகும். ஊத்தினது நான். கையும் என்னுது, ஜக்கும் என்னுது.”

“மேல பம்ப் நின்னதை எழுதியிருக்கீங்களே. இதைவிட என்ன ஆதாரம் வேணும்?”

“அதுக்குக் கீழ உன் கையெழுத்து இருக்கே.”

இரண்டு பேரும் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேல் பாதி அவரைக் காப்பாற்றும். கீழ்ப் பாதி அவளை மாட்டிவிடும். நடுவில் இரண்டு விரல் அகலத்துக்கு வெறும் இடம்.

வியாழக்கிழமை காலை, அவர் குளிக்கப் போனதும், அவள் கத்தரிக்கோலை எடுத்து அந்த வெறும் இடத்தில் நேராக வெட்டினாள். வேண்டாததை நீக்குவதுதானே இத்தனை வருஷமாக அவள் சொல்லிக்கொடுத்தது. மேல் பாதியைச் சான்றிதழ் நகலோடு ஃபைலில் வைத்தாள். கீழ்ப் பாதியைக் குப்பையில் போடக் கொண்டுபோனாள். மூடியைத் திறந்தாள், சபாஷ் கண்ணில் பட்டது, மூடியை மூடினாள். தாளைக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டாள்.

பஸ்ஸில் அவர் ஃபைலைத் திறந்து பார்த்தார். வெட்டிய ஓரத்தை விரலால் ஒரு தடவை தடவினார். “நல்லதாப் போச்சு,” என்றார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

விசாரணை நகராட்சிக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில். நீள மேசை, மேலே ஒரு சுற்றுக்கு ஒரு தடவை கிறீச்சிடும் மின்விசிறி, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். நடுவில் தலைமைப் பொறியாளர். அவருக்கு வலப்பக்கம் பாதுகாப்புத் துறையிலிருந்து வந்த அதிகாரி அம்மாள், கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள். இடப்பக்கம் குளத்து மேனேஜர், அப்போதுதான் முடி வெட்டிக்கொண்டு வந்தவர் மாதிரி பளிச்சென்று இருந்தார்.

சுவரோரம் போட்ட நாற்காலியில் மைக் அக்கா. கழுத்தைச் சுற்றித் துணி. மடியில் ஒரு குறிப்பேடு, அதில் நூல் கட்டித் தொங்கும் பேனா. பம்ப்காரரைப் பார்த்ததும் தலையை ஆட்டினாள். அவர் கும்பிட்டார். கும்பிட்ட கையைக் கீழே இறக்க அவருக்கு நேரம் பிடித்தது.

“படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடுங்க,” என்று பொறியாளர் வாக்குமூலத்தைத் தள்ளினார். “பத்து நிமிஷ வேலை.”

“போட மாட்டார் சார்,” என்றாள் டீச்சர். “அதுல எழுதியிருக்கிறது பொய். பம்ப் மூணு நாளா ஓடல.”

“நீங்க யாரும்மா?”

“சம்சாரம்.”

“அப்ப நீங்க அப்படித்தான் சொல்லுவீங்க,” என்றார் மேனேஜர்.

அவள் ஃபைலிலிருந்து மேல் பாதியை எடுத்து வைத்தாள். அதிகாரி அம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாய்விட்டுப் படித்தாள். பம்ப் நின்று மூன்றாம் நாள் என்ற இடத்தில் நிறுத்தி, மேனேஜரைப் பார்த்தாள்.

மேனேஜர் அசரவில்லை. “இதை நேத்து வீட்டுல உக்காந்து எழுதியிருக்கலாமே மேடம். தேதி போடறதுக்கு என்ன, யார் வேணும்னாலும் போடலாம்.”

“அதுவும் சரிதான்,” என்றாள் அதிகாரி. தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். “இது ஏன் அரைத் தாளா இருக்கு? கத்தரியால வெட்டின மாதிரி இருக்கே. கடைசியில ஒரே டிரம்மில் விட்டால்னு கேள்வி போட்டு நிறுத்தியிருக்கீங்க. கீழ என்ன இருந்துச்சு?”

“ஒண்ணுமில்ல மேடம்,” என்றார் பம்ப்காரர். “வீட்டுக்கு வாங்கற சாமான் எழுதியிருந்தேன்.”

அவருக்குப் பொய் சொல்ல வராது. சொன்ன வேகத்தில் காது மடல் இரண்டும் சிவந்துபோயின. அறையில் எல்லோருக்கும் அது தெரிந்தது. மேனேஜர் லேசாகச் சிரித்தார். மைக் அக்கா குறிப்பேட்டிலிருந்து நிமிர்ந்து பம்ப்காரரையே பார்த்தாள். இந்த ஆளைத் தேடித்தானே அவள் புகைக்குள் போனாள்.

டீச்சர் கைப்பையைத் திறந்தாள். சில்லறை, சாக்பீஸ் துண்டு, பஸ் டிக்கெட் எல்லாம் வெளியே வந்தன. கடைசியில்தான் அந்தத் தாள் கிடைத்தது. மேல் பாதிக்குக் கீழே வைத்து, வெட்டிய ஓரங்களைப் பொருத்தினாள்.

“வேணாம்,” என்று பம்ப்காரர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

“கையை விடுங்க,” என்றாள். விட்டார்.

“இந்த டிக் யாரோடது?” என்று அதிகாரி கேட்டாள்.

“என்னோடது மேடம். நான் கெமிஸ்ட்ரி டீச்சர். வெள்ளிக்கிழமை காலையில இவர் எங்கிட்ட இதைக் காட்டினார். சரின்னு போட்டேன். இன்னைக்குக் காலையில நான்தான் இதை வெட்டினேன், என் பேர் வெளிய வரக்கூடாதுன்னு.”

மேனேஜருக்கு வாய் நிறையச் சிரிப்பு. “பாத்தீங்களா சார்! வீட்டுல வச்சே திட்டம் போட்டிருக்காங்க. இந்தம்மா சொல்லித்தான் ஊத்தியிருக்கார்.”

“நீங்க கொஞ்சம் சும்மா இருங்க,” என்றாள் அதிகாரி. “ஒருத்தர் தனக்கே எதிரா ஒரு காகிதத்தைக் குடுத்தா நான் அதை நம்புவேன். தேதியும் சேத்துத்தான். லாக்புக்கு பன்னெண்டு மணிக்குள்ள இந்த மேசைக்கு வரணும். வரலேன்னா காணாமப் போனதுக்கும் சேத்து எழுதுவேன்.” மேனேஜர் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார், குடிக்காமல் மூடினார்.

பொறியாளர் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “எனக்குக் கெமிஸ்ட்ரி மறந்துபோச்சும்மா. இந்தச் சமன்பாடு தப்பா?”

“தப்பில்ல சார். ரெண்டு பக்கமும் சமமாத்தான் இருக்கு. ஆனா அந்த டிரம்முக்குள்ள நடந்தது இது இல்ல.”

“அப்ப நடந்ததை எழுதுங்க.”

பேனாவைக் கொடுத்தார்கள். கீழ்ப் பாதியைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் எழுதினாள்.

OCl⁻ + Cl⁻ + 2H⁺ → Cl₂ + H₂O

பழக்கத்தில் பேனா ஒரு தடவை குளோரைடின் மேல் போய் நின்றது. எடுத்துவிட்டாள். பம்ப்காரர் எட்டிப் பார்த்து, அவள் சொல்லிக்கொடுத்தபடியே உதட்டுக்குள் எண்ணினார். இடது பக்கம் இரண்டு மைனஸ், இரண்டு பிளஸ். வலது பக்கம் பூஜ்யம்.

“இதுவும் சமமாத்தான் இருக்கு,” என்றார் மெதுவாக. யாரையும் குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. புரிந்துகொள்ளப் பார்க்கும் குரல். அவளுக்கு அதுதான் தாங்க முடியவில்லை.

பொறியாளரும் அதிகாரியும் தலைகளைச் சேர்த்துப் பேசினார்கள். பழைய வாக்குமூலம் செல்லாது, புதிதாக எழுதப்படும். பம்ப் பழுது மேனேஜர் கணக்கில். எச்சரிக்கையை மீறியதற்காகச் சான்றிதழ் ஒரு வருஷம் நிறுத்திவைப்பு, ரத்து இல்லை. டீச்சரைப் பற்றிப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கடிதம் போகும்.

“போகட்டும் சார்,” என்றாள். பம்ப்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு வருஷம்தான் என்றால் அவருக்கு வேலை திரும்பக் கிடைத்துவிட்ட மாதிரிதான்.

அப்போது சுவரோரத்திலிருந்து ஒரு கை நீண்டது. மைக் அக்கா அந்தத் தாளைக் கேட்டாள். டீச்சர் கொண்டுபோய்க் கொடுத்து, அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள். மைக் அக்கா அந்த வரியை இடமிருந்து வலம் விரலால் தொட்டுக்கொண்டே போனாள். பிறகு குறிப்பேட்டில் எழுதினாள்: “இதுல எனக்குள்ள போனது எது?”

டீச்சர் Cl₂ மேல் விரல் வைத்தாள்.

மைக் அக்கா தாளைத் திருப்பி முன்பக்கம் பார்த்தாள். அங்கே அது எங்கே என்று தேடினாள். அடித்திருந்த குளோரைடைத் தொட்டுக் காட்டி, நிமிர்ந்தாள்.

“ஆமாக்கா. அங்கிருந்துதான் வந்துச்சு. அதை ஒண்ணும் பண்ணாதுன்னு அடிக்கச் சொல்லிக் குடுத்தது நான்தான். எதுக்கு எழுதியிருக்கார், எங்க ஊத்தப் போறார்னு நான் பாக்கவே இல்ல.”

மைக் அக்கா குறிப்பேட்டில் புதுப் பக்கம் திருப்பினாள். பிறகு ஒரே ஒரு வரி எழுதி, குளம் மூடும் நேரம் வந்தால் இருநூறு பேர் பார்க்கும்படி அறிவிப்புப் பலகையைத் தூக்குவாளே, அப்படித் தூக்கிக் காட்டினாள்.

“எதுக்குன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.”

பம்ப்காரர் குறுக்கே வந்தார். “அக்கா, ஊத்தினது நான். இவளை எதுக்கு…”

“நீங்க பேசாதீங்க,” என்றாள் டீச்சர். மைக் அக்கா பக்கம் திரும்பினாள். “கேட்டிருக்கணும்க்கா. கேக்கல.”

மைக் அக்கா வாயைத் திறந்தாள். ஏதோ சொல்ல வந்தாள். அதட்டுவதற்கா, பரவாயில்லை என்பதற்கா தெரியாது. காற்று மட்டும்தான் வந்தது. மேசையிலிருந்தவர்கள்கூட மின்விசிறிச் சத்தத்தைத் தாண்டிக் காதைத் தீட்டினார்கள். டீச்சர் இன்னும் கிட்டே குனிந்தாள். மைக் அக்கா வாயை மூடிக்கொண்டு, கழுத்துத் துணியைச் சரிசெய்தாள். குறிப்பேட்டை மடியில் வைத்தாள். அந்தப் பக்கத்தை அவள் கிழிக்கவுமில்லை, திருப்பவுமில்லை.